பிழைத்த பிறகு வரும் நடுக்கம்

ஓசூர்க்காரர்களுக்கு ஜெட் சத்தம் புதிதல்ல. பெங்களூரு எச்.ஏ.எல். ஓடுதளம் எல்லைக்கு அந்தப் பக்கம்தான். 2011 ஏப்ரல் இறுதியில் சோதனைக்காகப் பறந்த எச்.ஜே.டி-36 'சிதாரா' பயிற்சி விமானம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் விழுந்து நொறுங்கியது. விமானிகள் இருவரும் இருக்கையோடு வெளியே பாய்ந்து உயிர் தப்பினார்கள்.

அந்த இருக்கை சாதாரண இருக்கை அல்ல. கைப்பிடியை இழுத்ததும் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடி விலகும், அல்லது உடையும். அடியில் இருக்கும் வெடிமருந்தும் ராக்கெட்டும் ஆளை மேலே எறியும். பாராசூட் விரிய இரண்டு மூன்று நொடி போதும். ஆனால் கிளம்பும் அந்தக் கணத்தில் உடல் எடை ஏறக்குறைய 15 மடங்காகிவிடும். 70 கிலோ ஆள் ஒரு டன்னுக்கு மேல் கனப்பார். அத்தனை பாரமும் முதுகெலும்பில்தான் இறங்கும்.

இதில் தாமதிப்பது பெரும்பாலும் மனிதன்தான். 'இன்னும் ஒரு முறை முயன்றால் விமானம் தேறிவிடும்' என்ற ஆசையில் கைப்பிடியை இழுக்காமல் இருந்து இறந்தவர்கள் உலகெங்கும் உண்டு.

சரி, தரையிறங்கியாயிற்று. உடனே நிம்மதி வந்துவிடுமா? பலருக்கு முதலில் வருவது நடுக்கம். ஆபத்தின்போது அட்ரினலின் சுரந்து இதயத்தை விரட்டுகிறது, வலியை மறைக்கிறது, கையை உறுதியாக வைக்கிறது. அது ரத்தத்திலிருந்து சில நிமிடங்களில் வடிந்துவிடும். கார்ட்டிசால் என்ற இன்னொரு சுரப்பு மெதுவாக ஏறி, 20, 30 நிமிடம் கழித்துத்தான் உச்சம் தொடும். ஆபத்து எப்போதோ முடிந்திருக்கும். உடம்புக்கு அது இன்னும் எட்டியிருக்காது. முழங்கால் தளரும், வாய் உலரும், காரணமில்லாமல் சிரிப்பும் வரும். பயந்தாங்கொள்ளித்தனம் என்று இதை நினைப்பவர்கள் விமானத்தில் ஏறாதவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

பிரிட்டனின் மார்ட்டின்-பேக்கர் நிறுவனம் தன் இருக்கையால் பிழைத்தவர்களுக்காக 1957இல் ஒரு சங்கமே தொடங்கி, உறுப்பினர்களுக்குக் கழுத்து டை கொடுக்கிறது. முதுகுக்கு ஒரு பெல்ட்டும் சேர்த்துக் கொடுக்கலாம்.

கிண்டலுக்குச் சொல்லவில்லை. வலி மறைந்திருக்கும் அந்த நேரத்தில் முதுகெலும்பில் நசுங்கல் முறிவு இருந்தாலும் விமானிக்குத் தெரியாது. எழுந்து நடந்துகூட விடுவார். விழுந்தவரைக் கண்டால் ஓடிப்போய்த் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பது நம் ஊர் வழக்கம். விமான மருத்துவர்கள் கேட்பது நேர்மாறு: அசைக்காமல் மல்லாந்து படுக்க வைத்து, ஸ்டிரெச்சரிலேயே கொண்டுபோங்கள், முதுகை ஸ்கேன் எடுத்துப் பார்க்கும்வரை அவரை உட்காரவிடாதீர்கள்.