ஆறு கட்டிய கப்பல்கள்

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகியிலும் மணிமுத்தாற்றிலும் இறங்கி, வெள்ளாற்றோடு சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து புறப்படும் கெடிலமோ கடலூரில் கலக்கிறது. இரண்டுமே பழைய துறைமுகங்கள். திறந்த கடற்கரையில் அலை ஓயாது. கழிமுகத்தில் நீர் அடங்கிக் கிடக்கும். மரக்கலம் கட்டுவோருக்கு ஆற்றங்கரையில் இன்னும் இரண்டு வசதிகள் உண்டு. மலைக்காட்டு மரம் வெள்ளத்தோடு மிதந்தே வந்துவிடும். கட்டி முடித்த கலத்தை ஓதம் ஏறும் நேரம் பார்த்துத் தண்ணீரில் இறக்கிவிடலாம்.

இதைக் கண்ணால் பார்க்க ஏற்ற ஊர், கோழிக்கோட்டுக்குத் தெற்கே சாலியாற்றின் முகத்துவாரத்தில் உள்ள பேப்பூர். அரபு நாட்டு வணிகர்கள் விரும்பி வாங்கிய ‘உரு’ என்னும் பெரிய மரக்கலங்கள் பிறந்த இடம் அது. காகிதத்தில் வரைபடம் கிடையாது. கணக்கெல்லாம் மேஸ்திரியின் மனத்தில்தான். ஐரோப்பியத் தச்சர்கள் முதலில் விலா எலும்புகள்போலச் சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மேல் பலகை அறைந்தார்கள். பேப்பூரில் முறையே வேறு. பலகைகளைச் சேர்த்து உடலை முதலில் உருவாக்கிவிட்டு, அதற்குப் பொருந்தும்படி உள்ளே சட்டங்களை வைப்பார்கள். பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணிப்பார்கள். நீர் பட்டதும் மரம் உப்பி, இடுக்கு தானாகவே இறுகிக்கொள்ளும்.

எந்த மரம் என்பதில் வேதியியல் இருக்கிறது. இங்கிலாந்தில் பக்லர்ஸ் ஹார்ட் என்ற ஆற்றங்கரைச் சிற்றூரில் கட்டி, 1781இல் நீரில் இறக்கிய ‘அகமெம்னான்’ போர்க்கப்பல் ஓக் மரத்தாலானது. ஓக்கில் உள்ள டானிக் அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும். அந்தத் துரு மரத்தையும் கெடுக்கும். தேக்கில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அதன் எண்ணெய்ப் பசை ஈரத்தைத் தடுக்கிறது. அதிலுள்ள டெக்டோகுவினோன் என்ற பொருள் கறையானை அண்டவிடாது. பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார் தேக்கில் கட்டி 1817இல் வெள்ளோட்டம் விட்ட ‘டிரிங்கோமலி’, நம் திருகோணமலையின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பல். இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் அருங்காட்சியகத்தில் அது இன்றும் மிதக்கிறது.

இத்தனை சிறப்பும் காட்டுக்கு வினையாயிற்று. வெட்ட வெட்டத் தேக்கு குறைந்ததால், மலபார் கலெக்டர் கொனோலி 1840களில் நிலம்பூரில் தேக்கு நடவைத் தொடங்கினார். அங்கே இப்போது தேக்குக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உள்ளது. விடுமுறையில் பிள்ளைகளோடு கிளம்புகிறவர்கள் முதலில் நிலம்பூரைப் பார்த்துவிட்டு, பிறகு பேப்பூருக்குப் போங்கள். மரம் வளரும் இடமும் கப்பல் இறங்கும் இடமும் ஒரே ஆற்றின் கரையில் இருக்கின்றன.