383 ஸ்ட்ரோக்கர் பொறி

383 ஸ்ட்ரோக்கர் பொறி என்பது அமெரிக்காவின் செவ்ரோலெட் நிறுவனத்தின் 350 கன அங்குல வி8 பொறியில், அதே குடும்பத்தைச் சேர்ந்த 400 கன அங்குலப் பொறியின் நீண்ட வீச்சுடைய கிராங்க் தண்டைப் பொருத்தி உருவாக்கப்படும் பெட்ரோல் பொறி ஆகும். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலிருந்து கீழாகச் செல்லும் தொலைவு வீச்சு அல்லது ஸ்ட்ரோக் எனப்படும். அதனை நீட்டிப் பொறியின் கொள்ளளவைப் பெருக்குவதால் இப்பெயர் ஏற்பட்டது. இது முதலில் பந்தய ஆர்வலர்களும் சிறு பட்டறைகளும் தாமே கட்டிக்கொண்ட பொறியாகும். பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் உதிரிப்பாகப் பிரிவும் இதே அளவில் ஆயத்தப் பொறிகளை விற்றது. கிறைஸ்லர் நிறுவனம் 1959 முதல் 1971 வரை தயாரித்த 383 கன அங்குலப் பொறி முற்றிலும் வேறானது. இரண்டிற்கும் எண் ஒன்று என்பதைத் தவிர வேறு தொடர்பில்லை.

பின்னணி

செவ்ரோலெட்டின் "சிறிய பிளாக்" வி8 பொறி 1955ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் அறிமுகமானது. அதன் உருவாக்கத்தை வழிநடத்தியவர் அந்நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் எட் கோல் ஆவார். முதற்பொறியின் கொள்ளளவு 265 கன அங்குலம். அடுத்தடுத்த சிலிண்டர்களின் மையங்களுக்கு இடையிலான 4.40 அங்குலத் தொலைவு மாற்றப்படாமலேயே 1957இல் 283, 1962இல் 327, 1967இல் 350, 1970இல் 400 எனக் கொள்ளளவு உயர்ந்தது. அடிப்படை அளவுகள் மாறாததால் ஒரு பொறியின் பாகத்தை மற்றொன்றில் பொருத்தும் வழக்கம் எளிதில் வேரூன்றியது.

இவற்றுள் 350 பொறி முப்பது ஆண்டுகளுக்கு மேல் கார்களிலும் சிறு சரக்கு வண்டிகளிலும் பொருத்தப்பட்டதால் பழைய பொருட்கள் கிடங்குகளில் மலிவாகக் கிடைத்தது. 400 பொறியின் தயாரிப்பு 1980இல் நின்றது. அதன் சிலிண்டர் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டி வார்க்கப்பட்டிருந்தன. சிலிண்டர்களுக்கு நடுவே குளிர்நீர் செல்ல வழியில்லை. ஆகவே 400இன் கிராங்க் தண்டை மட்டும் எடுத்துக்கொண்டு 350இன் பிளாக்கில் இடுவதே சிறந்த வழியாகக் கருதப்பட்டது.

கொள்ளளவு

350 பொறியின் சிலிண்டர் விட்டம் 4.00 அங்குலம், வீச்சு 3.48 அங்குலம் ஆகும். தேய்ந்த சிலிண்டரைச் சீராக்க 0.030 அங்குலம் கூடுதலாகக் கடைந்தால் விட்டம் 4.030 அங்குலம் ஆகும். 400 பொறியின் வீச்சு 3.75 அங்குலம். இவ்விரண்டையும் சேர்த்து எட்டுச் சிலிண்டர்களுக்குக் கணக்கிட்டால் 382.7 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 6.27 லிட்டர் கிடைக்கும். 383 என்னும் எண் இவ்வாறு வந்ததே. கடையாத பிளாக்கில் இதே தண்டை இட்டால் 377 கன அங்குலமே வரும்.

இடப்பற்றாக்குறை

கிராங்க் தண்டின் மையத்திலிருந்து பிளாக்கின் மேற்பரப்பு வரையுள்ள உயரம் 9.025 அங்குலம். இதற்குள் வீச்சின் பாதியும், இணைப்புத் தண்டின் நீளமும், பிஸ்டன் ஊசியின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரையுள்ள உயரமும் அடங்க வேண்டும். 350 பொறியில் 1.74, 5.70, 1.56 ஆகியன சேர்ந்து 9.00 ஆகும். 400 பொறியில் வீச்சின் பாதி 1.875 ஆக உயர்ந்தபோது, இணைப்புத் தண்டை 5.565 அங்குலமாகக் குறைத்து அதே பிஸ்டன் உயரத்தைத் தக்கவைத்தனர். 383இல் 5.70 அங்குலத் தண்டைப் பயன்படுத்தினால் பிஸ்டன் உயரம் 1.425 ஆகவும், 6.00 அங்குலத் தண்டாயின் 1.125 ஆகவும் இருக்க வேண்டும். தண்டின் நீளத்தைக் கூறாமல் "383 பிஸ்டன்" என்று மட்டும் கேட்டு வாங்குவது வீண் செலவில் முடியும்.

400இன் கிராங்க் தண்டு பிளாக்கின் முதன்மைத் தாங்கிகளில் அமரும் பகுதி 2.65 அங்குல விட்டமுடையது. 350இல் அது 2.45 அங்குலம். எனவே பழைய தண்டைக் கடைந்து சிறிதாக்க வேண்டியிருந்தது. இப்போது 2.45 அங்குல அளவிலேயே புதிய தண்டுகள் விற்கப்படுகின்றன.

நீண்ட வீச்சினால் இணைப்புத் தண்டின் கீழ்முனைத் திருகாணிகள் பிளாக்கின் அடிவிளிம்பிலும் சிலிண்டரின் கீழ்ப்பகுதியிலும் இடிக்கக்கூடும். சில தண்டுகள் கேம் தண்டின் மேட்டையும் தொடும். இடிக்கும் இடங்களைத் தேய்த்துக் குறைந்தது 0.060 அங்குலம் (1.5 மி.மீ.) இடைவெளி உண்டாக்குவது வழக்கம். மிகுதியாகத் தேய்த்தால் நீர் உறை திறந்துகொண்டு பிளாக் பயனற்றதாகிவிடும். எனவே தேய்ப்பதற்கு முன், எட்டு இணைப்புத் தண்டுகளையும் தற்காலிகமாகப் பொருத்தி, கிராங்க் தண்டைக் கையால் முழுச்சுற்று சுழற்றிப் பார்த்துக் குறியிட வேண்டும். ஒரு சிலிண்டரில் சரியாக இருப்பது மற்றொன்றிலும் சரியாக இருக்கும் என்று கொள்ளலாகாது. வார்ப்பு இரும்புப் பிளாக்குகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை.

சமன்படுத்தல்

383 பற்றிய அறிவுரைகள் ஒன்றுக்கொன்று முரண்படும் இடம் இதுவே. "350இன் பிளைவீலையே பொருத்தலாம்" என்பாரும் உளர். "400இன் பிளைவீல் கட்டாயம்" என்பாரும் உளர். இருவரும் தத்தம் பொறியைப் பொறுத்தவரை உண்மையே கூறியிருக்கலாம்.

400இன் கிராங்க் தண்டில் வேண்டிய அளவு எதிர்எடையை உள்ளேயே வைக்க இடம் போதவில்லை. எனவே எஞ்சிய எடை முன்புற அதிர்வுத் தணிப்பானிலும் பின்புறப் பிளைவீலிலும் சேர்க்கப்பட்டது. இது வெளிச் சமன்பாடு எனப்படும். பழைய 350இல் எல்லா எடையும் தண்டிலேயே இருந்தது, இது உட்சமன்பாடு. 1986 முதல் பின்புற எண்ணெய்த் தடுப்பு ஒரே துண்டாக மாற்றப்பட்டபோது தண்டின் பின்முனை வடிவம் மாறியதால், 350இலும் பிளைவீலில் மட்டும் சிறிதளவு எடை சேர்க்கப்பட்டது. ஆகவே எடையற்றது, 400க்கு உரியது, 1986க்குப் பிந்தையது என மூவகைப் பிளைவீல்கள் உள்ளன. தவறானதைப் பொருத்தினால் பொறி கடுமையாக அதிரும். தாங்கிகள் விரைவில் தேயும். தண்டு முறியவும் கூடும். கிராங்க் தண்டு எந்த வகைச் சமன்பாட்டுக்காகச் செய்யப்பட்டது, பின்புறத் தடுப்பு ஒரு துண்டா இரு துண்டா என்னும் இரு விவரங்களும் இல்லாத அறிவுரையை, அதைக் கூறியவர் எத்துணை அனுபவமுடையவராயினும், ஒதுக்கிவிடுவதே நன்று.

அமுக்க விகிதம்

நீண்ட வீச்சு அமுக்க விகிதத்தைத் தானாகவே உயர்த்துகிறது. 4.030 அங்குல விட்டத்தில் 3.75 வீச்சுடைய ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 784 க.செ.மீ. ஆகும். எரியறை 76, தலைக் கேஸ்கெட் 8.4, பிஸ்டனுக்கு மேலுள்ள சிறு இடம் 1, பிஸ்டன் தலையிலுள்ள வால்வுப் பள்ளங்கள் 5 எனக் கொண்டால் எஞ்சும் இடம் 90.4 க.செ.மீ.; விகிதம் ஏறத்தாழ 9.7. இதே தலையுடன் 3.48 வீச்சில் 9.0 மட்டுமே வரும். எரியறை 64 க.செ.மீ. ஆயின் 383இன் விகிதம் 11 ஆகிவிடும். இது சாதாரண பெட்ரோலுக்கு மிகுதி. அந்நிலையில் குழிவான தலையுடைய பிஸ்டன்களைத் தேர்ந்தெடுப்பது முறையாகும்.

தடித்த கேஸ்கெட்டை இட்டு விகிதத்தைக் குறைக்கலாம் என்ற அறிவுரையும் அடிக்கடி கேட்கப்படுகிறது. கணக்குப்படி விகிதம் குறையும் என்பது மெய்யே. ஆயினும் பிஸ்டனின் தட்டையான பகுதிக்கும் தலைக்கும் இடையே ஏறத்தாழ 0.040 அங்குலம் (1 மி.மீ.) மட்டும் இருந்தால்தான், அங்குள்ள கலவை வேகமாகப் பிதுக்கப்பட்டு எரியறைக்குள் கொந்தளிப்பை உண்டாக்கும். இக்கொந்தளிப்பு எரிதலை விரைவாக்கிக் கட்டற்ற வெடிப்பைத் தடுக்கிறது. இடைவெளி 0.060ஐத் தாண்டும்போது இந்நன்மை பெரிதும் குறைவதால், விகிதம் குறைந்தும் பொறி தட்டத் தொடங்கலாம்.

அமெரிக்க அறிவுரைகளில் வரும் ஆக்டேன் எண்களையும் கவனித்துப் படிக்க வேண்டும். அங்கு விற்பனை நிலையங்களில் குறிக்கப்படுவது இருவகைச் சோதனை எண்களின் சராசரி; இந்தியாவில் குறிக்கப்படுவது ஆராய்ச்சி ஆக்டேன் எண் மட்டுமே. அமெரிக்காவின் 91 என்பது இந்திய முறையில் ஏறத்தாழ 95 அல்லது 96 ஆகும்.

இடைவெளிகளும் திருகுவிசையும்

தாங்கிகளில் எண்ணெய்க்கு விட வேண்டிய இடைவெளி, தண்டின் விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு 0.001 அங்குலம் என்பது பழைய விதி. இதன்படி முதன்மைத் தாங்கிக்கு 0.0025, இணைப்புத் தண்டுத் தாங்கிக்கு 0.0021 அங்குலம் வரும். பிஸ்டன் வளையத்தின் முனைகளுக்கு இடையே விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 0.004, அதாவது இப்பொறிக்கு 0.016 அங்குலம் (0.4 மி.மீ.) விடுவர். இது போதாவிடில், சூட்டில் விரியும் வளையத்தின் முனைகள் முட்டிக்கொண்டு பிஸ்டனின் மேல்விளிம்பைப் பெயர்த்துவிடும். மேல் வளையம் தலைக்கு மிக அருகில் அமைந்த பிஸ்டன்களுக்கும், டர்போ பொருத்தப்படும் பொறிகளுக்கும் இதனினும் கூடுதல் இடைவெளி வேண்டும். இங்கு பொது விதியைவிடப் பிஸ்டனோடு வரும் தயாரிப்பாளரின் தாளே ஏற்கத்தக்கது.

முதன்மைத் தாங்கி மூடிகளின் திருகாணிகளுக்கு 70 அடி-பவுண்டு (95 நியூட்டன் மீட்டர்) திருகுவிசை கூறப்படுகிறது. இது எண்ணெய் தடவிய திருகாணிக்குரியது. மாலிப்டினம் பசையைத் தடவி அதே அளவுக்கு முறுக்கினால், உராய்வு குறைவதால் திருகாணி மிகையாக நீளும்.

முதல் இயக்கம்

பொறியை இயக்குமுன் எண்ணெய் எல்லாத் தாங்கிகளையும் அடைந்திருக்க வேண்டும். மின்பகிர்வியைக் கழற்றி, அத்துளை வழியே நீண்ட தண்டொன்றைச் செலுத்தி, துளைக்கருவியால் எண்ணெய்ப் பம்பைச் சுழற்றுவர். வால்வு நெம்புகோல்கள் அனைத்திலும் எண்ணெய் வரும்வரை இது தொடரும்.

1987க்கு முந்தைய பிளாக்குகளில் பெரும்பாலும் தட்டையான அடியுடைய தட்டிகள் கேம் தண்டின் மேல் உரசி இயங்குகின்றன. புதிய கேம் தண்டாயின், பொறி உயிர்பெற்றவுடன் சும்மா ஓடவிடாமல் நிமிடத்துக்கு 2000 சுற்றுகளுக்கு மேல் இருபது நிமிடங்கள் இயக்க வேண்டும். கேம் மேடுகளுக்கு எண்ணெய் பெரும்பாலும் கிராங்க் தண்டு வாரி இறைப்பதால்தான் கிடைக்கிறது. குறைந்த வேகத்தில் அது போதாது. துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த தேய்மானத் தடுப்புச் சேர்மம், புகை வடிகட்டும் வினையூக்கிகளைக் காக்கும் பொருட்டு 2004ஆம் ஆண்டின் தர வரையறை முதலாகப் பல கார் எண்ணெய்களில் குறைக்கப்பட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட அறிவுரைகளைப் பின்பற்றி எந்த எண்ணெயையும் ஊற்றினால், கேம் மேடு முதல் அரைமணி நேரத்திலேயே தேய்ந்துபோய், அதன் இரும்புத் துகள்கள் புதிய தாங்கிகள் அனைத்திலும் பரவக்கூடும். அவ்வாறு நேர்ந்த பொறியை முழுவதுமாகப் பிரித்துக் கழுவியே மீண்டும் கட்ட வேண்டியிருக்கும். உருளைத் தட்டிகளுடைய பிற்காலப் பிளாக்குகளுக்கு இச்சிக்கல் இல்லை.