செலவு முதலில், தீர்மானம் பிறகு: பல்லடம் நகர்மன்றம் எப்படி முடிவெடுக்கிறது?

அரையாண்டுச் சொத்து வரியை அக்டோபர் 31-க்குள் கட்டுபவர்களுக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. அந்தத் தேதி நெருங்கும்போது பல்லடத்திலிருந்து வரும் கடிதங்கள் வரியில் தொடங்கி வேறு எங்கோ போய் முடிகின்றன. மன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றித்தான் வரியை உயர்த்தினார்கள் என்றால், அதே மன்றத்தில் எங்கள் தெருச் சாக்கடை ஏன் வரவில்லை என்று ஒருவர் கேட்கிறார். கவுன்சிலரிடம் சொல்வதா, கலெக்டரிடம் மனு கொடுப்பதா, முதல்வர் உதவி மையத்தின் 1100-க்குப் போன் செய்வதா என்று இன்னொருவர். மூன்றையும் செய்து பார்த்துவிட்டு, எதில் வேலை நடந்தது என்றே தெரியவில்லை என்கிறார் மற்றொருவர். குழப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. குறைகேட்கும் வாசல்கள் பெருகிவிட்டன. பணத்தைச் செலவிட முடிவெடுக்கும் இடம் மட்டும் இன்றும் ஒன்றுதான்.

முடிவு எங்கே பிறக்கிறது?

அஜெண்டாவில். பல்லடம் நகராட்சியில் 18 வார்டுகள், 18 கவுன்சிலர்கள். அவர்கள் கூடும்போது மேசையில் இருக்கும் பொருள்களின் பட்டியலே அஜெண்டா. ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், ஓர் அலுவலகக் குறிப்பு, கடைசி வரியில் 'மன்றத்தின் அனுமதிக்கு' அல்லது 'மன்றத்தின் பார்வைக்கும் பதிவிற்கும்' என்று ஒரு முடிப்பு. இந்த முடிப்பைக் கவனிக்க வேண்டும். முதல் வகையில் கவுன்சிலர்கள் ஏற்கலாம், மறுக்கலாம், ஒத்திவைக்கலாம். இரண்டாவது வகையில் ஏற்கெனவே முடிந்துபோன ஒன்றை, பெரும்பாலும் அரசாணையை, தெரிந்துகொள்கிறார்கள்.

அலுவலகக் குறிப்பை எழுதுவது ஆணையாளரின் அலுவலகம். ஆணையாளர் மாநில அரசு நியமிக்கும் அதிகாரி. கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தவர் அல்ல. எனவே உங்கள் தெருவில் உடைந்த குழாய் மன்றத்துக்குள் நுழைய வேண்டுமானால், முதலில் அது ஓர் எஸ்டிமேட் ஆக வேண்டும், பிறகு அலுவலகக் குறிப்பாக வேண்டும், பிறகு எண் பெற வேண்டும். கவுன்சிலர் எழுந்து நின்று உரக்கப் பேசினால் மறுநாள் நாளிதழில் செய்தி வரும். எண் இல்லாத பேச்சுக்கு நிதி ஒதுக்கீடு கிடைக்காது.

கூட்டம் எவ்வளவு நேரம் நடக்கிறது என்பதை வைத்து மன்றத்தை எடைபோடுவது வழக்கம். பல ஊர்களில் எழுபது, எண்பது பொருள்கள் 'ஆல் பாஸ்' என்ற ஒரே குரலில் நிறைவேறுவதைப் பார்த்தவர்களுக்கு அது இயல்பான கோபம்தான். ஆனால் நான் கவலைப்படுவது கூட்டத்தின் நீளத்தைப் பற்றி அல்ல. கூட்டம் தொடங்கும் முன்பே முடிந்துவிடும் பொருள்களைப் பற்றி.

'முன் அனுமதி' என்றால் என்ன?

தமிழக நகராட்சிகளில் எந்த அஜெண்டாவைப் புரட்டினாலும் இந்த அச்சில் வார்த்த குறிப்புகள் கிடைக்கும்: இன்ன வார்டில் இன்ன பணி, அவசர அவசியம் கருதி, நகர்மன்றத் தலைவரின் முன் அனுமதி பெற்று மேற்கொள்ளப்பட்டது, ஆன செலவினத்தை மன்றம் அனுமதிக்கலாம்.

இது யாரும் திருட்டுத்தனமாகக் கண்டுபிடித்த வழி அல்ல. 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டத்திலேயே தலைவருக்கு அவசரகால அதிகாரம் இருந்தது. மக்களின் பாதுகாப்புக்கோ சேவைக்கோ உடனே செய்தாக வேண்டிய வேலையை, மன்றம் கூடும்வரை காத்திராமல் செய்யச் சொல்லலாம். செய்ததையும் அதற்கான காரணத்தையும் அடுத்த கூட்டத்தில் தெரிவிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. கோடையில் ஒரு வார்டின் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் எரிந்துபோகிறது. அடுத்த கூட்டம் மூன்று வாரம் கழித்து. அதுவரை மக்கள் குடத்தோடு நிற்க முடியுமா? காயில் கட்டச் சொல்லி, மோட்டாரை இறக்கி, பில்லைப் பிறகு மன்றத்தில் வைப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது.

சிக்கல் அந்த மோட்டாரில் இல்லை. அதே வாசகம் மற்ற பொருள்களுக்கும் ஏறிக்கொள்வதில் இருக்கிறது. வாகன வாடகை, விழாச் செலவு, பல மாதங்களாகத் தெரிந்திருந்த பருவமழைக்கு முந்தைய தூர்வாரல் ஆகியவற்றில் எதை அவசரம் என்று அழைப்பது? அவசரம் என்று முடிவுசெய்பவரே அனுமதி கொடுப்பவராகவும் இருக்கும்போது, அந்தச் சொல்லுக்கு எல்லை இல்லாமல் போகிறது. அதிகாரிகளைக் கேட்டால், 'எப்படியும் மன்றத்தின் ஒப்புதலுக்கு வைக்கிறோமே' என்பார்கள். வைக்கிறார்கள்தான். ஆனால் வேலை முடிந்துவிட்டது, ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுக்க வேண்டிய கடமை பிறந்துவிட்டது. இப்போது ஒரு கவுன்சிலர் எழுந்து வேண்டாம் என்றால் என்ன ஆகும்? போட்ட மண்ணை அள்ள முடியாது. கொடுத்தாக வேண்டிய கூலியை மறுக்க முடியாது. அவருக்கு மிஞ்சுவது தன் எதிர்ப்பை மினிட் புத்தகத்தில் பதிவுசெய்யும் உரிமை. இந்த ஊரில் பவர்லூம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: பாவு ஓட்டி, துணி இறக்கி, லாரியில் ஏற்றிய பிறகு கூலி பேசினால் பேரம் எந்தப் பக்கம் சாயும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு விளைவும் உண்டு. அது கண்ணுக்கு எளிதில் படாதது. சிறு தொகைப் பணிகளுக்கு 1998-ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் விலக்கு தருகிறது. ஒரே சாக்கடை வேலையைப் பல துண்டாக எஸ்டிமேட் போட்டால் ஒவ்வொரு துண்டும் சிறு தொகையாகிவிடும். துண்டுபோடுவது விதிமீறல். ஆனால் அஜெண்டாவில் அந்தத் துண்டுகள் அடுத்தடுத்த எண்களாக வராமல், நடுவில் வேறு பொருள்கள் கலந்து வந்தால், அவசரமாக வாசித்துப்போகும் கூட்டத்தில் யார் இணைத்துப் பார்ப்பார்கள்? எனவே கவுன்சிலர்கள் பொருள் எண்ணைப் பார்த்துப் படிக்கக் கூடாது, தெருவின் பெயரைப் பார்த்துப் படிக்க வேண்டும்.

வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, செலவும் குறைவு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு. 'முறைகேடு நடந்ததா?' என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் வராது. ஒரு குறிப்பிட்ட பணிக்கு மூன்று தேதிகளைக் கேளுங்கள்: முன் அனுமதி கையெழுத்தான தேதி, பணி உத்தரவு கொடுத்த தேதி, மன்றத்தில் வைக்கப்பட்ட தேதி. முதல் தேதிக்கும் மூன்றாவது தேதிக்கும் நடுவில் மன்றம் ஒருமுறையேனும் கூடியிருந்தால், அந்தக் கூட்டத்தில் ஏன் வைக்கவில்லை என்பதுதான் அடுத்த கேள்வி. பணி உத்தரவு முன் அனுமதிக்கு முந்தைய தேதியில் இருந்தால் கேள்வி இன்னும் கடுமையானது. 30 நாளில் பதில் தர வேண்டும். தீர்மான நகலையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

அப்படியானால் வரி உயர்வை மன்றம்தானே முடிவுசெய்தது?

தீர்மானம் மன்றத்தினுடையது, முடிவு மேலே எடுக்கப்பட்டது. 2022 மார்ச் 2-ல் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். ஒரு மாதம்கூட முழுதாக ஆகாத நிலையில் மாநிலம் முழுவதும் சொத்து வரி உயர்வு அறிவிக்கப்பட்டது. நகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், பெரிய வீடுகளுக்கு 100 சதவீதம் வரை. நகராட்சிகள் செய்ய வேண்டியிருந்தது தீர்மானம் நிறைவேற்றுவதும், ஆட்சேபம் கேட்டு விளம்பரம் கொடுப்பதும். மறுத்திருந்தால்? சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவு நிர்ணயித்து, ஆண்டுதோறும் வரி வசூலையும் உயர்த்தினால்தான் மானியம் என்று 15-வது நிதிக் குழு நிபந்தனை விதித்திருந்தது. மானியத்தை இழக்கத் துணிந்த மன்றம்தான் மறுக்க முடியும். 'மக்கள் பிரதிநிதிகளின் ஒப்புதலோடு' என்று அரசுக் குறிப்புகள் சொல்லும்போது, அந்த ஒப்புதலுக்கு எவ்வளவு இடம் விடப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

மனு கொடுத்தால் நடக்கிறதே, மன்றம் எதற்கு?

நடக்கிறது, மறுக்கவில்லை. திங்கள்கிழமை கலெக்டர் அலுவலக குறைதீர்க்கும் நாள், 1100, 2023 டிசம்பரில் கோவையில் தொடங்கிய 'மக்களுடன் முதல்வர்', 2025 ஜூலையில் தொடங்கிய 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்கள், இவையெல்லாம் பட்டா மாறுதல், சாதிச் சான்றிதழ், உதவித்தொகை போன்ற தனிநபர் கோரிக்கைகளுக்குப் பயன்பட்டன. 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்களில் 45 நாளில் தீர்வு என்ற வாக்குறுதியும் இருந்தது. ஆனால் 'தீர்வு' என்று கணக்கில் ஏறுவது பல நேரங்களில் பதில் கடிதம். 'நிதி நிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்' என்று வந்தால் மனு முடிந்தது, சாக்கடை அப்படியே. தெருவுக்கான வேலைக்கு நிதி வேண்டும், நிதிக்குத் தீர்மானம் வேண்டும். மனுவை எழுதும்போதே இதை மன்றப் பொருளாக வைக்க வேண்டும் என்று கோருங்கள். நகலைக் கவுன்சிலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

ஏரியா சபா எங்கே போனது?

கிராமசபைக்கு இணையாக நகரத்துக்கும் ஒன்று வேண்டும் என்று 2010-லேயே தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது. மத்திய அரசின் நகர்ப்புற நிதித் திட்டம் அதை நிபந்தனையாக வைத்திருந்தது. விதிகள் வர 12 ஆண்டுகள் ஆயின. 2022 நவம்பர் 1-ல் முதல் ஏரியா சபாக்கள் நடந்தன. பம்மலில் நடந்ததில் முதல்வரே கலந்துகொண்டார்.

அமைப்பு இப்படி: ஒரு வார்டு பல பகுதிகளாகப் பிரியும். பகுதி வாக்காளர்கள் எல்லோரும் ஏரியா சபாவின் உறுப்பினர்கள். பகுதிக்கு ஒருவர் வார்டுக் குழுவில் உட்காருவார். குழுவுக்குக் கவுன்சிலர் தலைவர். அந்த ஒருவரை அந்தப் பகுதி மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, அவர் நியமிக்கப்படுகிறார். இது சிறிய ஓட்டை அல்ல. கவுன்சிலரைக் கேள்வி கேட்க வேண்டியவர் கவுன்சிலரின் தயவில் வந்தவராக இருந்தால், முன் அனுமதிப் பொருள்களைப் பற்றி அங்கே யார் கேட்பார்கள்?

'வாக்காளர்' என்ற சொல்லிலும் ஒரு வேலி இருக்கிறது. பல்லடம் வட்டாரத்தின் தறிக்கூடங்களிலும் கோழிப் பண்ணைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். அதே தெருக் குழாயில்தான் அவர்களும் தண்ணீர் பிடிக்கிறார்கள். அவர்கள் பெயர் இங்கே வாக்காளர் பட்டியலில் இல்லாதவரை, சட்டப்படி அவர்களுக்கு ஏரியா சபாவில் இடம் இல்லை. குடியிருப்பவர் என்பதே தகுதியாக வேண்டும் என்பது என் கருத்து.

அரசியலமைப்பு கட்டாயமாக்கிய வார்டுக் குழு மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களுக்கே. பல்லடம் அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை. எனவே இங்கே ஏரியா சபா நடப்பது மாநில விதியையும் மக்கள் கேட்பதையும் மட்டுமே நம்பியிருக்கிறது.

மற்ற கேள்விகள்

மன்றக் கூட்டத்தைப் பொதுமக்கள் பார்க்கலாமா? 1920 சட்டம் பார்க்கலாம் என்றது, தலைவர் வெளியேறச் சொல்லலாம் என்ற விலக்கோடு; பேச முடியாது.

எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும்? மூன்றில் ஒரு பங்கு, பல்லடத்தில் ஆறு பேர்.

மன்றத் தீர்மானத்தை அரசு ரத்துசெய்ய முடியுமா? முடியும்.

எந்தச் சட்டம் இப்போது நடைமுறையில்? 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 2023 ஏப்ரலில் வந்த விதிகளோடு.

அருள்புரத்தில் இருக்கிறேன், பல்லடம் கவுன்சிலரிடம் போகலாமா? அது கரைப்புதூர் ஊராட்சி. உங்களுக்குக் கிராமசபைதான், ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்ததால் நிர்வாகம் தனி அலுவலரிடம் போனது.

ஊக்கத்தொகை தேதி தவறிவிட்டால்? வரியை மட்டும் கட்டலாம். அரையாண்டும் தாண்டினால் மாதம் 1 சதவீதம் கூடும்.

கவுன்சிலரே இல்லாவிட்டால் யார் அனுமதி தருவார்கள்? தனி அலுவலர். 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தபின் 2022 பிப்ரவரி வரை தேர்தலே நடக்கவில்லை. அந்த ஐந்து ஆண்டுக்கு மேலான காலத்தில் நகராட்சிகளில் ஆணையாளரே தனி அலுவலர். குறிப்பை வைத்தவரும் அதை நிறைவேற்றியவரும் ஒருவரே. 2018-ல் அறிவிக்கப்பட்ட சொத்து வரி உயர்வும் அந்தக் காலத்தில் வந்ததுதான்; 2019 நவம்பரில் அது நிறுத்திவைக்கப்பட்டது.

அரசியலமைப்பின்படி ஒரு மன்றம் முதல் கூட்டத்திலிருந்து ஐந்து ஆண்டுக்கு மேல் நீடிக்க முடியாது. 2022 மார்ச்சில் கூடிய மன்றத்துக்கு அந்தக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. உங்கள் வார்டின் முன் அனுமதிப் பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் தேதி கேட்டு இப்போதே மனு போடுங்கள். பதில் சொல்ல வேண்டிய கவுன்சிலர் பதவியில் இருக்கும்போதே பதிலை வாங்கிவிடுங்கள்.