பைக்ல குட்டிப் பாப்பா... பெல்ட்டும் ஹெல்மெட்டும் மாட்டியாச்சா?

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவுல, பைக்கில் தூங்கிக்கிட்டே போகும் குழந்தைகளைத் தினமும் பார்க்கிறோம். அந்தக் குட்டிக்கும் தனி விதி இருக்கு, தெரியுமா?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 அக்டோபரில் இதற்கான வரைவு விதியை வெளியிட்டது. வரைவு என்றால் உடனே அமலுக்கு வராது. அரசிதழில் வெளியிட்டு, பொதுமக்களிடம் ஆட்சேபனை, ஆலோசனை கேட்பார்கள். நீங்களும் நானும்கூட எழுதிப் போடலாம். நாமதான் அபராத ரசீது கையில வந்த பிறகே விதியைப் பற்றிக் கேள்விப்படுறோம்! 2022 பிப்ரவரி 15-ல் இறுதி விதி வந்தது. ஓராண்டு அவகாசம் கொடுத்து அமலானது.

4 வயதுக்குட்பட்ட குழந்தையை, வண்டி ஓட்டுபவரின் உடலோடு பாதுகாப்பு பெல்ட்டால் இணைக்க வேண்டும். தோள்பட்டைகளோடு சட்டை மாதிரி மாட்டும் இந்த பெல்ட், 30 கிலோ வரை எடை தாங்கணும். 9 மாதம் முதல் 4 வயது வரை தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட்டும் அவசியம்; சைக்கிள் ஹெல்மெட்டும் ஓகே. வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது.

பெரியவங்க ஹெல்மெட்டைக் குழந்தை தலையில் கவிழ்ப்பதில் பலனில்லை. விழும்போது அதுதான் முதலில் கழன்று ஓடும். கடையிலேயே மாட்டி, தலையை ஆட்டச் சொல்லிப் பாருங்க. ஹெல்மெட் தனியா ஆடினா, சின்ன சைஸ் கேளுங்க.