வைக்கோலுக்குள் நடக்கும் கூத்து

மின்சார ரயிலில் திருவள்ளூர், ஏகாட்டூர் தாண்டினால் கடம்பத்தூர். அங்கே அறுப்பு முடிந்த வயலிலிருந்து ஒரு கைப்பிடி வைக்கோலை எடுங்கள். பக்கத்துத் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த டி.கே.எம். 13 ஆனாலும் சரி, வேறு ரகமானாலும் சரி, உள்ளே எட்டிப் பார்த்துவிடலாம்!

நெற்பயிரின் செல்சுவர் செல்லுலோஸ். குளுக்கோஸைக் கோத்துக் கோத்துச் செய்த சரம் அது. அரிசியின் மாவுச்சத்தும் அதே குளுக்கோஸ்தான், கோத்த விதம்தான் வேறு! அதனால்தான் சோறு நமக்குச் செரிக்கிறது, வைக்கோல் செரிப்பதில்லை. சுவரை இறுக்க லிக்னின் உண்டு. மணலில் இருக்கும் சிலிக்காவையும் நெல் வேரால் உறிஞ்சித் தன் மேல்தோலில் படியவைக்கிறது. தாளைத் தடவினால் கையை அறுக்கும் சொரசொரப்பு அதுதான்.

இப்போது காளான் குடிலுக்கு வாருங்கள். வைக்கோலை ஊறவைத்து, வேகவைத்து, நீரை வடித்து, பாலிதீன் பையில் ஓர் அடுக்கு வைக்கோல், ஒரு பிடி சிப்பிக்காளான் வித்து என்று மாற்றி மாற்றி அடைக்கிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் பை முழுக்க வெள்ளை வெளேர்! உள்ளே பூசண இழைகள் நொதிகளைச் சுரந்து லிக்னினைச் சிதைக்கின்றன, செல்லுலோஸைச் சர்க்கரையாக வெட்டித் தின்கின்றன. நெல்லின் சுவரைத் தின்று தங்கள் சுவரை எழுப்புகின்றன. அந்தச் சுவரில் என்ன இருக்கிறது தெரியுமா? கைட்டின்! பழவேற்காட்டு இறால் ஓட்டில் இருக்கும் அதே கைட்டின். குளுக்கோஸில் நைட்ரஜன் உள்ள ஒரு சின்னக் கிளை ஒட்டினால் போதும், வைக்கோல் சரம் இறால் ஓட்டுச் சரமாகிவிடும். எனக்கு இதைவிடப் பெரிய அதிசயம் இல்லை.

வைக்கோலை ஏன் வேகவைக்கிறார்கள்? போட்டிக்கு வரும் மற்ற பூஞ்சைகளையும் பாக்டீரியாவையும் ஒழிக்க. பாக்டீரியாவின் சுவரிலும் கைட்டினின் அதே சர்க்கரை உண்டு. கூடவே இன்னொரு சர்க்கரை, குறுக்கே அமினோ அமிலப் பின்னல். இதுதான் பெப்டிடோகிளைக்கன். நம் கண்ணீரின் லைசோசைம் அந்தச் சரத்தை வெட்டும். பென்சிலின் பின்னலை முடியவிடாது. தண்ணீர் புகுந்து கிருமி வெடித்துவிடும்! நம் செல்லுக்குச் சுவரே இல்லாததால் மருந்து நம்மை விட்டுவிடுகிறது. 1922-இல் லைசோசைமையும் 1928-இல் பென்சிலினையும் கண்டவர் ஒருவரே, அலெக்சாண்டர் ஃபிளெமிங்.

மிச்ச வைக்கோல் மாட்டுக்கு. அதன் வயிற்றில் மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் சுவர் பாக்டீரியாச் சுவர் போலவே தெரியும். ஆனால் ஒரு சர்க்கரை வேறு, பிணைப்பும் வேறு. லைசோசைமும் பென்சிலினும் அங்கே பலிக்காது!