இன்ஜினை அணைக்க மறந்த கேப்டன்கள்

விமானம் தரையிறங்கி, ஓடுபாதையை விட்டு விலகி, முனையத்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கிறது. எப்போது எழுந்து பெட்டியை இறக்கலாம் என்று பயணிகள் துடித்துக்கொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில், கேப்டன் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும்: ஒரு இன்ஜினை அணைத்துவிடலாமா? ஊர்ந்து போக எல்லா இன்ஜினும் தேவையில்லை. ஆனால் இறங்கிய கையோடு அணைக்கக் கூடாது, சூடு தணியச் சில நிமிடம் விட வேண்டும். அதற்குள் வேறு வேலைகள் வந்துவிடும். மறந்துபோனால் சம்பளம் ஒன்றும் குறையாது.

2014 பிப்ரவரியிலிருந்து எட்டு மாதம், வர்ஜின் அட்லாண்டிக் நிறுவனத்தின் 335 கேப்டன்களிடம் இதைத்தான் சோதித்தார்கள் கிரீர் கோஸ்னல், ஜான் லிஸ்ட், ராபர்ட் மெட்காஃப் என்ற மூன்று பொருளியல் ஆய்வாளர்கள். கவனித்தவை மூன்று: கிளம்பும் முன் எரிபொருளைச் சரியாகக் கணக்கிட்டு ஏற்றுவது, வானில் சிக்கனமாகப் பறப்பது, இறங்கியபின் இன்ஜினை அணைப்பது. முதலாவது அற்பமாகத் தோன்றும். ஆனால் எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகும். பத்து மணி நேரப் பயணத்தில், தேவைக்கு மேல் ஏற்றியதில் ஏறத்தாழ கால் பங்கு அதைத் தூக்கிக்கொண்டு போனதிலேயே கரைந்துவிடும்.

கேப்டன்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மாதாமாதம் வீட்டு முகவரிக்கு ஒரு கடிதம் போனது. போன மாதம் நீங்கள் இதை இத்தனை முறை செய்தீர்கள், அவ்வளவுதான். அடுத்த குழுவுக்கு அதோடு ஓர் இலக்கும் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவினர் இலக்கை எட்டினால், அவர்கள் விரும்பும் அறக்கட்டளைக்கு 10 பவுண்டு நன்கொடை. நான்காவது குழுவுக்கு எதுவும் இல்லை. எரிபொருள் பயன்பாடு கவனிக்கப்படுகிறது என்ற தகவல் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

இலக்கு நன்றாகவே வேலை செய்தது. நன்கொடையால் கூடுதல் சேமிப்பு வரவில்லை, அந்தக் குழுவினரின் பணி மனநிறைவுதான் கூடியது. என்னை அசத்தியது எதுவுமே கிடைக்காத அந்த நான்காவது குழு. கவனிக்கிறார்கள் என்று தெரிந்ததுமே அவர்களும் கணிசமாக மாறிவிட்டார்கள். எரிபொருள் எரிந்தால் புகை வரும் என்பது ஒரு கேப்டனுக்குப் புதிய செய்தியா என்ன? அறிவு முன்பே இருந்தது. தன் கைப்பழக்கம் கணக்கில் ஏறுகிறது என்ற உணர்வுதான் புதிது.

மிச்சமான எரிபொருள் 6,800 டன்னுக்கு மேல். அதனால் தவிர்க்கப்பட்ட கரியமில வாயுவோ 21,000 டன்னைத் தாண்டியது. எரிபொருளைவிட வாயு மூன்று மடங்கு எடையா என்று சந்தேகம் வரும். எரியும்போது ஒவ்வொரு கரி அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. அந்த எடையும் சேர்வதால்தான் இந்தக் கணக்கு. இவ்வளவுக்கும் விமானத்தில் ஒரு திருகாணிகூட மாற்றவில்லை.

நம் அலுவலகங்களில் சுவிட்சுக்கு மேலே ‘மின்சாரத்தைச் சேமிப்போம்’ என்று ஒட்டியிருப்பார்கள். கீழே ஆளில்லாத அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும். ஒட்டியவரும் சரி, அணைக்காமல் போனவரும் சரி, மின் கட்டண ரசீதைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். அது நேராகக் கணக்குப் பிரிவுக்குப் போய்விடும். உங்கள் அலுவலகத்தில் போன மாதம் எத்தனை யூனிட் ஓடியது? ஒரு நடை போய்க் கேட்டுப் பாருங்கள்.