உங்களுக்குத் தெரியுமா? வயர் போட்ட நெட்டும் ஏன் ஊர்கிறது

● 100 எம்பிபிஎஸ் பிளானில் பெரிய ஃபைல் ஒன்றை இறக்கும்போது திரையில் 'நொடிக்கு 11 எம்பி' என்று காட்டினால் பதற வேண்டாம். கம்பெனி விற்பது பிட் கணக்கில், கம்ப்யூட்டர் காட்டுவது பைட் கணக்கில். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5. ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் மேலும் ஒட்ட வேண்டிய முகவரிச் சீட்டுகளுக்குக் கொஞ்சம் போனால் கைக்கு வருவது 11, 12தான். உங்கள் லைன் முழு வேகத்தில் ஓடுகிறது.

● 94 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிளான் 200 எம்பிபிஎஸ், ஆனால் ஸ்பீடு டெஸ்ட் காலையிலும் 94, நள்ளிரவிலும் 94 என்றால் குறை தெருவில் இல்லை, வீட்டுக்குள்தான் இருக்கிறது. 100 எம்பிபிஎஸ் லேன் இணைப்பு தன் செலவு போகத் தரக்கூடிய உச்சம் அது. கிகாபிட் இணைப்புக்கு அதே உச்சம் 940 சுமார். வெளியிலிருந்து வரும் கோளாறு ஏறும், இறங்கும். இப்படி ஆணி அடித்த மாதிரி ஒரே எண்ணில் நிற்காது.

எங்கள் வீட்டில் இது தெரியாமல் 100லிருந்து 200க்கு மாறி, மூன்று மாதம் கூடுதல் பணம் கட்டினோம். கடைசியில் பார்த்தால், அறைக் கதவின் இடுக்கில் நசுங்கிய லேன் கேபிளுக்குள் பழுப்பு வயர் அறுந்திருந்தது. கேபிளை மாற்றிய அன்றே 190 வந்தது. பெரிய பிளானுக்கு மாறலாமா என்று யார் கேட்டாலும் முதலில் கேபிளைப் பாருங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

● ஒரு வயர் அறுந்தால் நெட் நின்றுதானே போக வேண்டும், ஏன் மெதுவாக ஓடுகிறது? லேன் கேபிளுக்குள் 8 வயர், 4 ஜோடி. 1995இல் வந்த 100 எம்பிபிஎஸ் முறைக்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய 2 ஜோடி போதும். 1999இல் வந்த கிகாபிட் முறைக்கு நான்கும் வேண்டும். நீலமோ பழுப்போ செத்துப்போனால் பல கருவிகள் வாய் திறக்காமல் 100க்கு இறங்கி ஓடிக்கொண்டே இருக்கும். விண்டோஸில் செட்டிங்ஸைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் ஈதர்நெட் என்பதைத் தொட்டால் 'லிங்க் ஸ்பீடு' தெரியும். 1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 இருந்தால் திருடன் அகப்பட்டான்.

● டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தாலும் கேபிள் கெட்டிருக்கலாம். வீட்டு வயரிங்கில் நான் அதிகம் கவலைப்படும் குறை இதுதான், கண்ணுக்கே தெரியாது. கேபிளின் முனையில் ஆர்ஜே45 பின் அடிக்கும்போது நிற வரிசை ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. பச்சை ஜோடி மட்டும் 3ஆம் இடத்திலும் 6ஆம் இடத்திலுமாகப் பிரிந்து உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். அனுபவமில்லாத கை, அழகாக ஜோடி ஜோடியாக அடுக்கிவிடும். இரு முனையிலும் அதே தப்பு நடந்தால் 1க்கு 1, 2க்கு 2 என்று மின்சாரம் சரியாகவே போகும், டெஸ்டரும் 'நல்ல கேபிள்' என்றே சொல்லும்.

ஆனால் 3, 6 இரண்டிலும் ஓடும் சிக்னல் இப்போது வேறு வேறு முறுக்கில் இருக்கிறது. முறுக்கினால் கிடைக்கும் பாதுகாப்பு போய்விட்டது. பக்கத்து வயரின் இரைச்சல் உள்ளே புகுந்து பொட்டலங்கள் சிதைகின்றன. சிதைந்ததை மறுபடி அனுப்பி அனுப்பியே நேரம் கரைகிறது. இரண்டு மீட்டரில் வேலை செய்யும் இந்தக் கேபிள் இருபது மீட்டரில் திணறும். கன்சீல்டு பைப்பில் கேபிள் இழுத்துக் கொடுத்தவர் எந்த வரிசையில் பின் அடித்தார் என்று, கண்ணாடி போன்ற அந்தப் பின்னின் வழியாக ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

● வயரை முறுக்கினால் இரைச்சல் அடங்கும் என்று கண்டு 1881இல் காப்புரிமை வாங்கியவர் டெலிபோன் புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல்.

● கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் லேன் கேபிளைக் கையில் தூக்கிப் பாருங்கள். இறகு போல இருந்தால் உள்ளே ஓடுவது செம்பு பூசிய அலுமினியம். பிளேடால் வயரைச் சுரண்டினால் செம்பு நிறம் போய் வெள்ளி நிறம் எட்டிப் பார்க்கும். மின்சாரத்தைக் கடத்துவதில் அலுமினியம் செம்பின் 60 சதவீத அளவுதான், திரும்பத் திரும்ப மடக்கினால் எளிதில் ஒடிந்தும் போகும். லேன் கேபிளுக்கான தரக்கட்டுப்பாடு கேட்பது முழுச் செம்பு. உறையில் 'கேட் 6' என்று அச்சடித்திருப்பதால் மட்டும் அது கேட் 6 ஆகிவிடாது. சுவருக்குள் போகப்போகும் கேபிளில் காசு மிச்சம் பிடிப்பது எனக்குச் சம்மதமில்லை. பத்து வருடம் கழித்துச் சுவரை உடைக்க யாருக்கு மனம் வரும்?

● ஃபைபர்காரர் மாட்டிவிட்டுப் போகும் வெள்ளைப் பெட்டியில் நான்கு லேன் துளை இருந்தாலும் நான்கும் சமம் இல்லை. சில மாடல்களில் முதல் துளை மட்டும் கிகாபிட், மற்றவை 100. பெட்டியின் அடியில் ஒட்டிய தாளில் 'ஜிஇ', 'எஃப்இ' என்று அச்சிட்டிருக்கும். 'ஜிஇ' என்பதில் செருகுங்கள். செலவு இல்லாத வைத்தியம். லேன் துளை இல்லாத லேப்டாப்புக்கு வாங்கும் யுஎஸ்பி அடாப்டரும் அப்படியே. மலிவானது பெரும்பாலும் 100தான்.

● மிச்சமான கேபிளின் இரு முனையையும் யாரோ ஒரே ஸ்விட்ச் பெட்டியில் செருகிவிட்டால் வீட்டு நெட்வொர்க்கே மூச்சுத் திணறும். எல்லாருக்குமாக அனுப்பிய ஒரு பொட்டலம் ஒரு துளையில் வெளியேறி மறு துளையில் திரும்பி வரும், மறுபடி வெளியேறும். ஈதர்நெட் பொட்டலத்துக்கு ஆயுள் கணக்கு கிடையாது, அதனால் அது சாகாமல் பெருகிக்கொண்டே போகும். எல்லா விளக்குகளும் ஒரே வேகத்தில் படபடவென்று துடிப்பதுதான் அடையாளம். இந்த வளையத்தைத் தானே கண்டு அறுக்கும் வழியை 1985இல் வகுத்தவர் ரேடியா பெர்ல்மன். அலுவலக ஸ்விட்சுகளில் அது இருக்கும், வீட்டுக்கு வாங்கும் சின்னப் பெட்டிகள் பலவற்றில் இருக்காது.

● 'பிங்' என்பது நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் எழுப்பும் ஒலி. 1983 டிசம்பரில் நெட்வொர்க் ஒன்று கோளாறு செய்தபோது, காரணத்தைத் தேட மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சின்னப் புரோகிராமுக்கு அந்த ஒலியையே பெயராக வைத்தார். ஒரு பொட்டலத்தை அனுப்பி, அது திரும்பும் நேரத்தை அளப்பது மட்டுமே அதன் வேலை. நாற்பது வருடம் கழித்தும் அதைவிட நல்ல ஸ்டெதஸ்கோப் வீட்டு நெட்டுக்கு இல்லை.

முதலில் சொந்த ரூட்டருக்குப் பிங் செய்யுங்கள். பல வீடுகளில் அதன் முகவரி 192.168.1.1. வயரில் 1 மில்லிநொடி, மிஞ்சினால் 2 வர வேண்டும். இங்கேயே 20, 50 என்று துள்ளினாலோ பதில் வராமல் போனாலோ கேபிள், துளை, ரூட்டர் மூன்றில் ஒன்றுதான் குற்றவாளி. இங்கே சரியாக இருந்து, வெளியே இருக்கும் 8.8.8.8 என்ற முகவரிக்குப் பிங் செய்யும்போது மட்டும் துள்ளினால் அது லைன்காரரின் பொறுப்பு. இந்த இரண்டு எண்ணையும் சொல்லிப் புகார் கொடுத்தால், 'ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்பதோடு பேச்சு முடியாது.

● ஆஃப் செய்து ஆன் செய்வது பல நேரம் பலிப்பதற்கும் காரணம் உண்டு. வீட்டில் ஓடும் ஒவ்வொரு இணைப்புக்கும் ரூட்டர் தன் நினைவகத்தில் ஒரு வரி எழுதி வைக்கிறது. டிவி, கேமரா, ஐந்து போன், டோரண்ட் எல்லாம் சேர்ந்து அந்தப் பதிவேடு நிரம்பினால் புது இணைப்புக்கு இடமில்லை. மின்சாரத்தைத் துண்டித்தால் பதிவேடு வெறுமையாகிவிடும். தினமும் இப்படிச் செய்ய வேண்டியிருந்தால் பெட்டியின் சூட்டையும் அதன் அடாப்டரையும் சந்தேகியுங்கள். அடாப்டருக்குள் மின்தேக்கி காய்ந்து 12 வோல்ட் தடுமாறினாலும் ரூட்டர் அணைந்து அணைந்து எழும்.

● பக்கம் திறக்க நான்கைந்து நொடி யோசிக்கிறது, திறந்தபின் படமும் வீடியோவும் பாய்ந்து வருகின்றனவா? வேகத்தில் குறை இல்லை. பெயரைக் கொடுத்தால் எண் முகவரி தேடித் தரும் டிஎன்எஸ் சர்வர் தூங்குகிறது. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த ஏற்பாடு அது. ரூட்டர் செட்டிங்கில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 போட்டுப் பாருங்கள். இரண்டாவது எண் பொதுமக்களுக்குத் திறந்த நாள் 2018 ஏப்ரல் 1. நான்கு ஒன்றுகள், நான்காம் மாதத்தின் ஒன்றாம் தேதி!

● சில தளங்கள் மட்டும் பாதி திறந்து தொங்குகின்றனவா? யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு ரூட்டர் இணையும் பிபிபிஓஇ முறையில் ஒவ்வொரு பொட்டலத்திலும் 8 பைட் அதற்கே போய்விடும். 1500 இருக்க வேண்டிய எம்டியூ, அதாவது பொட்டலத்தின் உச்ச அளவு, 1492 ஆகிவிடும். அதைவிடப் பெரிய பொட்டலம் வழியிலேயே நின்றுவிடலாம். ரூட்டரில் அந்த எண் 1492தானா என்று பாருங்கள்.

● போனிலிருந்து கல்யாணப் போட்டோக்கள் கிளவுடுக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு திக்குவது ஏன்? வகுப்பு இறங்குகிறது, போட்டோ ஏறுகிறது, இரண்டும் எதிரெதிர்த் திசைதானே? ஆனால் இறங்கும் ஒவ்வொரு பொட்டலத் தொகுதிக்கும் 'வந்து சேர்ந்தது' என்ற சீட்டு மேலே ஏற வேண்டும். வகுப்பில் பிள்ளை பேசும் குரலும் அதே வழியில்தான் ஏற வேண்டும். ஏறும் வழியில் போட்டோக்கள் வரிசை கட்டி நிற்க, இவை அந்த வரிசையின் கடைசியில் மாட்டிக்கொள்கின்றன.

ரூட்டருக்குள் காத்திருக்கும் இடம் தாராளமாக இருப்பதே வினை. பொட்டலத்தைக் கைவிட்டால் அனுப்புபவர் வேகத்தைக் குறைப்பார். கைவிடாமல் சேர்த்துச் சேர்த்து வைத்தால் வரிசை நீண்டுகொண்டே போகும். 2010இல் ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டிலிருந்து ஃபைல் ஏற்றும்போது பிங் ஒரு நொடியைத் தாண்டியதைப் பார்த்து, தோண்டித் துருவி இந்தக் காரணத்தைக் கண்டார். அவர் அதற்கு வைத்த பெயர் 'பஃபர்ப்ளோட்', அதாவது ஊதிப்போன காத்திருப்பறை. உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று அறிய, பிங்கை ஓடவிட்டுக்கொண்டே பெரிய ஃபைல் ஒன்றை ஏற்றிப் பாருங்கள். 10ஆக இருந்தது 300, 500 என்று எகிறினால் இருக்கிறது. ரூட்டரில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் க்யூஓஎஸ் வசதி இருந்தால் அப்லோடு வேகத்துக்கு லைன் தருவதில் 85, 90 சதவீதம் என்று உச்சவரம்பு போடுங்கள். இல்லையென்றால் போட்டோ பேக்கப்பை இரவுக்குத் தள்ளுங்கள். 500 எம்பிபிஎஸ் பிளான் வாங்கியும் வகுப்பு திக்கும் வீடுகளுக்கு இது பெரும்பாலும் தெரிவதே இல்லை.

● 1986 அக்டோபரில் கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே நெட் வேகம் 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. இரண்டுக்கும் இடையே தூரம் 400 கெஜம்! எல்லாரும் ஒரே நேரத்தில் தொலைந்த பொட்டலங்களை மறுபடி மறுபடி அனுப்பியதுதான் காரணம். நெரிசல் கண்டால் அனுப்புபவரே பின்வாங்கும் முறையை அதன் பிறகு வான் ஜேக்கப்சன் வகுத்தார். இன்றைக்கும் அந்த வழிவந்த முறைகள்தான் நெட்டை நிற்காமல் ஓட வைக்கின்றன.

● ஃபைபருக்குள் ஒளி போகும் நடுப்பாதையின் அகலம் சுமார் 9 மைக்ரோமீட்டர். தலைமுடி அதைப் போலப் பல மடங்கு தடிமன். ஒரு தூசு போதும், பாதை அடைபட. ரூட்டரின் செட்டிங் பக்கத்தில் 'ஆப்டிகல் பவர்' என்று ஓர் எண் இருக்கும். மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 27 என்பது வழக்கமான பெட்டிகள் தாங்கும் எல்லை. 3 குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. மழைக்குப் பின்னோ, அலமாரியை நகர்த்தியபோது மஞ்சள் ஃபைபர் வயர் மடங்கிய பின்னோ அந்த எண் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

● ஃபைபர் முனையில் பச்சை, நீலம் என்று இரண்டு நிற கனெக்டர். பச்சையின் முகம் 8 டிகிரி சாய்த்துத் தேய்த்தது, நீலம் நேராகத் தேய்த்தது. நீலத் துளையில் பச்சை உள்ளே போகும், விளக்கும் எரியலாம், ஆனால் முகங்கள் ஒட்டாமல் ஒளி வீணாகும். ரிப்பேருக்கு வந்தவர் அவசரத்தில் கையில் கிடைத்ததை மாட்டிவிட்டாரா என்று நிறத்தைப் பாருங்கள். முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்க மட்டும் வேண்டாம். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். குழந்தைகள் கைக்கும் எட்டவிடாதீர்கள்.

● இந்தியாவில் 2004இல் 'பிராட்பேண்ட்' என்று சொல்லக் குறைந்தபட்சம் 256 கேபிபிஎஸ் போதுமாக இருந்தது. 2023 முதல் அது 2 எம்பிபிஎஸ்.

● ஸ்பீடு டெஸ்ட் பெரும்பாலும் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுக்கும், பல சமயம் உங்கள் கம்பெனியின் வலைக்குள்ளேயே இருப்பதை. அங்கே முழு வேகம் காட்டிவிட்டு, வெளிநாட்டுத் தளம் மட்டும் மெதுவாக இருந்தால் டெஸ்டில் சர்வரை மாற்றுங்கள். சிங்கப்பூரைப் போட்டுப் பாருங்கள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடி கேபிள் 3,200 கிலோமீட்டர் சுமார். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்த் திரும்ப 32 மில்லிநொடி. சென்னை வீட்டிலிருந்து பிங் 35, 40 வந்தால் லைன் நன்றாக இருக்கிறது. அமெரிக்க மேற்குக் கரையில் இருக்கும் கேம் சர்வர் என்றால் 200க்கு மேல்தான் வரும். பையன் எந்த பிளான் கேட்டு அடம்பிடித்தாலும் வாங்குவதற்கு முன் கேமின் செட்டிங்கில் சர்வரை ஆசியாவுக்கு மாற்றச் சொல்லுங்கள்.